நான்காம் அறை மணி

பரண்மேல் இருந்த சூட்கேஸிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்தபோது அது ஈரமாக இருந்தது.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வருகிற காற்றுகூட அடுப்பைத் திறந்துவிட்டதுபோலத்தான் வரும். மொட்டை மாடித் தளம் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது, மின்விசிறி அந்தச் சூட்டை வட்டமாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டுக் குக்கரிலிருந்து வந்த பருப்பு வாசனையும் பக்கத்துக் காலி மனையில் யாரோ எரித்த குப்பையின் புகையும் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே தேங்கி நின்றன. நாற்காலிமேல் ஏறி நின்ற நௌஷாத்தின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. தன் கல்யாணக் கோட்டுக்குள் சுற்றி வைத்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை அவன் விரல் தொட்டதும் சில்லென்றது. உள்ளங்கை அளவுப் பெட்டி. அதன் மேல் பொடிப்பொடியாக நீர் முத்துகள்.

கோட்டைத் தடவிப் பார்த்தான். துணி காய்ந்துதான் இருந்தது.

மனைவி அஃப்ஸானா மகளைக் கூட்டிக்கொண்டு மறைமலைநகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். இரவு ஒன்பதுக்கு முன்னால் வரமாட்டாள். வீடு காலியாகும் ஒரு பகலுக்காகத்தான் நௌஷாத் இரண்டு நாளாகக் காத்திருந்தான். டிஸ்கில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதை அழித்துவிட்டால் அந்த வெள்ளிக்கிழமைக்கு இருக்கிற கடைசிச் சாட்சியும் போய்விடும்.

பனியனால் ஈரத்தைத் துடைத்து, லேப்டாப்பில் சொருகினான். கோப்பு தெரிந்தது. அவன் கை நின்றுவிட்டது.

அன்று பேக்கப் எடுத்தபோது அதன் அளவு இருபத்திரண்டு ஜிபி. அவனுக்கு அது மனப்பாடம். இப்போது முப்பத்தொன்று காட்டியது. அதன் பக்கத்தில் கடைசியாக மாற்றப்பட்ட நேரம்: இன்று, பிற்பகல் 2.58.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு டிஸ்க் பரணில் இருந்தது. எந்தக் கம்பியும் அதில் சொருகப்படவில்லை.

*

நௌஷாத்துக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் பிழைப்பு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. அது போக ஐந்தாறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை மாதாமாதம் போய்ப் பார்த்துக்கொள்வான். அதில் ஒன்று மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நிற்கும் ஒரு இறால் கம்பெனி. ஏற்றுமதிக்குப் போகிற இறாலை உறையவைத்து அடுக்கும் நான்கு அறைகள் அங்கே உண்டு. உள்ளே எப்போதும் மைனஸ் பதினெட்டு. ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் ஒரு சிவப்புப் பட்டன். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதை அமுக்க வேண்டும். கதவுகளுக்கு மேலே இருந்த ஹாரன்கள் உப்புக் காற்றில் எப்போதோ செத்துப்போயிருந்தன. மணி அடிப்பது கண்ட்ரோல் ரூமில் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அறைகளின் குளிரையும் மணியையும் கவனிக்கிற அந்த மென்பொருள் பதினைந்து வருடப் பழசு. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். போன தீபாவளிக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது உப்புக் காற்றில் போர்டெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மென்பொருள் செய்து கொடுத்தவர்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. அதனால் நௌஷாத் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவைத்து, அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் செய்தான். புதுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் பழைய எக்ஸ்பி, பச்சை மேடும் நீல வானமுமாக, தனியொரு கம்ப்யூட்டர்போல ஓடிக்கொண்டிருக்கும். வேண்டும்போது அதை அப்படியே நிறுத்திவைக்கலாம், முழுசாகக் காப்பி எடுக்கலாம், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிடலாம். நிறுத்திவைத்திருக்கிற நேரம் வரைக்கும் அதற்குப் பார்வையும் கிடையாது, காதும் கிடையாது.

"இன்னா பாய், டிவிக்குள்ள டிவி வெச்சிருக்க?" என்று சிரித்தாள் தமிழ்ச்செல்வி.

அவள்தான் அங்கே ஸ்டோர் கணக்குப் பார்ப்பவள். முப்பத்திரண்டு வயது. திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர். புருஷன் ஹரிஹரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நௌஷாத் எப்போது போனாலும் கண்ட்ரோல் ரூம் சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, மேஜை ஃபேனை அவன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போவாள்.

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை அவன் பேக்கப் எடுக்கப் போயிருந்தான். எடுக்க வேண்டுமானால் மெஷினை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் சூப்பர்வைசர் செங்கல்வராயனிடம் சொல்லி, அறைக் கதவுகளிடம் ஒரு ஆளை நிற்க வைக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுத்ததே நௌஷாத்தான். அன்றைக்கு ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. செங்கல்வராயன் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். காப்பி எடுக்கப் பதினோரு நிமிடம் என்று திரை சொன்னது. பதினோரு நிமிடத்தில் என்ன ஆகிவிடும்?

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு நிறுத்தினான். நான்கு அறைகளும் மைனஸ் பதினெட்டில் நின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்போதும்போல ஓடுகிற திரைதான் அது. திரும்பி வந்து ஓடவிட்டுக்கொள்ளலாம் என்று, யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான். தொழுகை முடிந்ததும் வாசலில் பழைய சிநேகிதன் ஷபீர் பிடித்துக்கொண்டு பிரியாணிக்கு இழுத்துப் போனான். திரும்பி வரும்போது மணி இரண்டு நாற்பது.

மெஷினை மறுபடி ஓடவிட்டான். அதற்கு அடுத்து நடந்த ஒன்றை அவன் தனக்குள்கூட நினைக்க விடமாட்டான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நாலு மணிக்குப் பெட்டி எடுக்கப் போனவர்கள் நான்காம் அறையைத் திறந்தபோது தமிழ்ச்செல்வி கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டே நிமிட வேலை என்று கனத்த கோட்டைப் போடாமல் போயிருக்கிறாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கிற தண்டு ஐஸ் பிடித்து மாதக் கணக்காக அசையாமல் கிடந்திருக்கிறது. அவளுடைய வலதுகைக் கட்டைவிரல் மட்டும் நீட்டியபடி விறைத்திருந்தது என்று அப்புறம் யாரோ சொன்னார்கள். நௌஷாத் அதைக் கேட்காததுபோல எழுந்து போய்விட்டான்.

தகவல் வந்ததும் திரும்பி ஓடினான். எல்லோரும் ஆம்புலன்ஸைச் சுற்றி நின்றார்கள். கண்ட்ரோல் ரூமில் அவன் மட்டும். பதிவேட்டில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டிலிருந்து இரண்டு நாற்பத்தொன்று வரைக்கும் ஒரு ஓட்டை. முந்தின நாளின் எண்களை எடுத்து அந்த ஓட்டையில் போட்டு அடைத்தான். இருபது நிமிட வேலை. கை நடுங்கவே இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் முழுநேரமும் விழித்துத்தான் இருந்திருக்கிறது. மணி அடிக்கவில்லை. ரவுண்டு போகவில்லை என்று செங்கல்வராயனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவள் அமுக்கவில்லையே, ஏன் என்று ஊர் பேசத் தொடங்கியது. புருஷனோடு என்ன சண்டையோ. அவளாகவே போய் உள்ளே உட்கார்ந்துகொண்டாள் என்றார்கள்.

அதற்கப்புறம் நௌஷாத் ஒரு ஜும்ஆவுக்கும் போகவில்லை. வேலை இருக்கிறது என்று அஃப்ஸானாவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்திருப்பான். வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நின்ற அந்த நேரம் நினைவுக்கு வரும். பாங்கு, குத்பா உரை, குனிகிற ருகூஉ. ஒவ்வொன்றின்போதும் அந்த அறைக்குள் தமிழ்ச்செல்வி எந்த நிலையில் இருந்திருப்பாள் என்று மனம் தானாகக் கணக்கிடும்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஹரிஹரன் உள்ளே வந்தான். காக்கிச் சட்டை. கன்னம் உள்ளே போயிருந்தது.

"பாய், நீ தான அந்த மெஷின பாக்கறவன்?"

"ஆமா ஹரி. உக்காரு."

"உக்கார வரல." அவன் நின்றுகொண்டே கேட்டான். "அவ அமுக்கினாளா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

நௌஷாத் மேஜையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்தான்.

"அன்னிக்கு காலைல ஒரு சின்ன வாய்ச் சண்டை," என்றான் ஹரிஹரன். "நாஸ்தா துன்னாம போய்ட்டா. ஊர்ல எல்லாம் அத்தயே சொல்றாங்க. எங்கம்மாவே நம்பிடுச்சு. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிணும் பாய். அவளுக்கு வெளிய வரணும்னு இருந்துச்சா?"

"பதிவுல ஒண்ணும் இல்ல ஹரி."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

ஹரிஹரன் தலையை ஆட்டினான். குனிந்து வெளியே போனான். ஆட்டோ கிளம்பும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

*

அழித்துவிடு என்றது பயம். ஒன்பது ஜிபி எங்கிருந்து வந்தது என்று தொழில் தெரிந்த மனம் கேட்டது. பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று நௌஷாத் மெஷினைத் திறந்தான்.

ஜன்னலுக்குள் அந்த வெள்ளிக்கிழமை நின்றது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. நான்கு அறைகள், நான்கு பச்சைக் கட்டங்கள், மைனஸ் பதினெட்டு. காப்பி எடுத்த நொடி. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் மூலை திரும்பி மறைகிறவரை காத்திருந்து, ஓடவிடும் பட்டனை அழுத்தினான்.

திரையிலிருந்த கடிகாரம் குதித்தது. இன்றைய தேதி. மூன்று பத்து.

முதல் அறையின் கட்டத்தில் வெறும் கோடுகள் வந்தன. இரண்டிலும் கோடுகள். மூன்றிலும். அப்படித்தான் வர வேண்டும். அந்த அறைகள் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன, இங்கே மேஜைமேல் இருக்கும் இந்தக் காப்பிக்கும் அவற்றுக்கும் ஒரு இழைகூடத் தொடர்பு கிடையாது.

நான்காம் கட்டத்தில் எண் நின்றது. மைனஸ் பதினெட்டு புள்ளி நான்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி ஐந்தானது.

அப்புறம் மணி அடித்தது.

சின்னச் சத்தம்தான். பழைய மென்பொருளின் தகரக் குரல். ஒன்று. இரண்டு. மூன்று. விட்டுவிட்டு, அமுக்குகிறவர் ஒவ்வொரு முறையும் விரலை எடுத்து மூச்சு வாங்கிக்கொள்வதுபோல. பிறகு அமைதி. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: நான்காம் அறை, அழைப்பு.

நௌஷாத் லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தான். டிஸ்கின் கம்பியைத் தவிர வேறு எதுவும் சொருகியிருக்கவில்லை. வைஃபையை அணைத்தான். உட்கார்ந்தான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது.

மறுபடி மூன்று.

அழைப்புகளின் பட்டியலைத் திறந்தான். வரிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. தேதிகள் பின்னோக்கி ஓடின. நேற்று, முந்தாநாள், போன வாரம், பெருநாளுக்கு வந்தவர்களோடு அவன் சிரித்துப் பேசிய ஒரு மாலை. முதல் வரி வந்தபோது ஏப்ரல் முதல் வெள்ளி. பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அவன் மெஷினை நிறுத்தி மூன்றாவது நிமிடம். காம்பவுண்டு கேட்டைக்கூடத் தாண்டியிருக்கமாட்டான்.

மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து நானூற்றுச் சொச்சம்.

கணக்குப் போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. போட்டான். நாற்பத்து நான்கு நாள். நிமிடத்துக்கு மூன்று. ஒன்றுகூட விடுபடவில்லை.

"யா அல்லாஹ்," என்றான்.

அவசரமாக நிறுத்தும் பட்டனை அழுத்தினான். ஜன்னல் லேசாக மங்கியது. மணி அடங்கியது. வீடு முழுக்க ஒரு அமைதி இறங்கியது, அதில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது: குழாயிலிருந்து பக்கெட்டில் சொட்டுகிற நீர், ஜன்னல் விளிம்பில் புறாவின் நகம், மின்விசிறியின் ஒரு சுற்றுக்கு ஒரு கிரீச். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கையில் வியர்வை இல்லை. ரோமம் நின்றிருந்தது. அறையில் ஒரு வாடை. இறால் ஓட்டின் உப்பு வாடை, அதோடு கம்பளித் துணி நனைந்த வாடை. ஈரக் கம்பளி எதுவும் அந்த வீட்டில் கிடையாது.

கோப்பைத் தேர்ந்தெடுத்தான். அழிக்கவா என்று கேட்டது. விரலை வைத்தான்.

எடுத்துவிட்டான்.

நின்று கிடந்த அந்த மங்கல் திரையையே பார்த்தான். அன்றைக்கும் இப்படித்தான் செய்தான். இதே பட்டன்தான். மணி கேட்கவில்லை என்பதால் அமுக்குகிறவள் நிறுத்திவிட்டாள் என்று ஆகிவிடுமா?

ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஓடவிட்டான்.

எண்ணிக்கை பதினெட்டு கூடியிருந்தது.

நிறுத்திவைத்தால் அவன் காதுதான் அடைபடும். அவளுக்கு ஒன்றும் நிற்பதில்லை.

போனை எடுத்தான். ஹரிஹரனின் எண்ணைத் தேடும்போது நகங்கள் நீலம் பாய்ந்திருப்பதைக் கவனித்தான்.

"சொல்லு பாய்."

"வூட்டுக்கு வா ஹரி. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

எதிர்முனையில் ஹாரன்கள், யாரோ இறங்கச் சொல்லும் குரல். "வண்டில ஆளு கீறாங்க. எறக்கி வுட்டு வரேன்," என்றான் ஹரிஹரன். ஏன் என்று கேட்கவில்லை.

*

நாலரைக்குக் கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. லேப்டாப் பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம். பழைய பேட்டரி, கண் எதிரே இறங்கியது. நௌஷாத் சத்தத்தை அணைத்துவைத்தான். மணி கேட்காவிட்டாலும் சிவப்பு வரிகள் வந்துகொண்டே இருந்தன. மூன்று. ஒரு இடைவெளி. மூன்று. மாடியில் வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருந்தது, அவன் போர்வை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

ஐந்தேகாலுக்கு ஹரிஹரன் வந்தான். போர்வையைப் பார்த்தான். "ஜுரமா பாய்?" என்றான்.

"உள்ள வா."

"இங்க இன்னா இப்டி குளுருது?"

நௌஷாத் வாசல் கதவைச் சாத்தினான். நின்றபடியே சொல்ல ஆரம்பித்தான். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அன்னிக்கு மெஷின நான்தான் நிறுத்தி வெச்சேன் ஹரி. காப்பி எடுக்க. யார்ட்டயும் சொல்லாம தொழுகைக்குப் போய்ட்டேன். அப்புறம் சாப்பிடப் போய்ட்டேன். ரெண்டு மணி நேரம் அதுக்குக் காதே இல்ல. அந்த நேரத்த மறைக்க பழைய நம்பர எடுத்து ரொப்பினதும் நான்தான்."

ஹரிஹரன் அசையவில்லை. "அமுக்கினாளா?"

"அமுக்கினாங்க."

"நெசமா?"

"நெசமா."

ஹரிஹரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. நாற்பத்து நான்கு நாளாகப் பிடித்துவைத்திருந்த எதையோ கீழே வைத்தவன்போல உதடு நடுங்கியது. "அப்போ அவளா போவல," என்றான். "என்மேல கோச்சிக்கினு போவல." அதை இரண்டு மூன்று முறை சொன்னான். அந்த முகத்தைப் பார்ப்பதுதான் நௌஷாத்தால் முடியவில்லை.

"இன்னொண்ணு கீது ஹரி."

"சொல்லு."

"ரெண்டு நாப்பத்தொண்ணுக்குத் திரும்ப ஓட வுட்டேன். அப்போ ஒரு தபா அடிச்சுது. ஒரே ஒரு தபா, லேசா. நாலாம் ரூம்னு காட்டுச்சு." போர்வை நுனியை விரலில் சுற்றினான். "மெஷின் எழும்பறப்போ வர சத்தம்னு நெனச்சேன். ஓகே குடுத்து மூடிட்டு, பைய எடுத்துக்கினு கெளம்பிட்டேன். அப்புறம் நம்பர ரொப்பினப்போ அந்த வரியையும் அழிச்சிட்டேன். எழுந்து போய் பத்தடி நடந்து பாத்திருந்தா போதும்."

"அப்போ உசுரோட இருந்தா," என்றான் ஹரிஹரன்.

நௌஷாத் ஆமாம் என்று தலையசைத்தான்.

"எத்தினி வாட்டி அமுக்கினா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். லேப்டாப்பைத் திருப்பிவைத்தான். "ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்து எண்ணூத்தி..." என்று வாசிக்க ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை. வாசிக்கும்போதே கடைசி எண் மாறியது. மறுபடி மாறியது. மறுபடி.

ஹரிஹரன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான். "இன்னா பாய் இது? இப்போவா?"

நௌஷாத் சத்தத்தைத் திறந்துவிட்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அது அவள்தான் என்பதை ஹரிஹரன் எப்படி அறிந்துகொண்டான் என்று தெரியவில்லை. வீட்டுக் கதவை ஒருத்தி தட்டுகிற விதத்தைப் பத்து வருடம் கேட்டவனுக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லையோ என்னவோ. அவன் முகம் வெளுத்தது. குனிந்தான். திரையில் அவன் வாய்க்கு எதிரே கண்ணாடி மங்கியது.

ஒரு நிமிடம் போனது. ஒன்று. இரண்டு.

"தமிழு," என்றான் ஹரிஹரன்.

மூன்றாவது வரவில்லை.

நௌஷாத் மூச்சைப் பிடித்துக்கொண்டான். குழாய் சொட்டவில்லை. புறா இல்லை. தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எண்ணிக்கை அப்படியே நின்றது. நாற்பத்து நான்கு நாளில் முதல் தடவையாக.

"தமிழு, நான்தான்டி. வந்துட்டேன்."

மணி அடித்தது. இந்த முறை விட்டுவிட்டு இல்லை. ஒரே அடி. எடுக்காத விரல். நீண்டு, நீண்டு, நிற்காமல், சுவரெல்லாம் அதிர, ஒரே சத்தம்.

"கதவ தொற பாய்!"

"ஹரி..."

"கேக்குதுல்ல, உள்ள கீறா. தொற!"

"இதுல கதவு இல்ல ஹரி." நௌஷாத்தின் விரல்கள் மெனுக்களைத் திறந்து திறந்து மூடின. குளிர் காட்டும் பக்கம். பதிவுகள். அச்சிடு. சரி. வெளியேறு. "இது காட்டும். மணி அடிக்கும். அவ்ளோதான். தொறக்கறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

பேட்டரி ஏழு.

ஹரிஹரன் கேட்கவில்லை. ஓடிப்போய் வாசல் கதவை விரியத் திறந்தான். மணி நிற்கவில்லை. சமையலறைக் கதவு. கொல்லைக் கதவு. குளியலறை. படுக்கையறைப் பீரோவில் சாவி தொங்கியது, இரண்டு பக்கமும் திறந்து துணிகளைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தான். ஃப்ரிட்ஜ். அலமாரி. மகளின் பொம்மை வீட்டின் ஒரு சாண் கதவு. மீட்டர் பெட்டியின் தகரக் கதவு. ஒவ்வொன்றையும் திறந்ததும் ஒரு நொடி நிற்பான். காது கொடுப்பான். அடுத்ததற்கு ஓடுவான்.

ஐந்து. நான்கு.

நௌஷாத் சார்ஜர் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கரண்ட் இல்லாத பிளக்கின் முன்னால் மண்டியிட்டிருந்தான்.

வீட்டில் திறக்க இன்னொரு கதவு இல்லை. ஹரிஹரன் நடுக்கூடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். திறந்து கிடந்த எல்லா வழிகளிலும் மாலை வெயில் உள்ளே வந்தது. சுட்டெரிக்கிற வெயில். மணி நிற்கவில்லை.

"எங்கடி கீற?" என்றான்.

பிறகு கதவே இல்லாத அந்த வெற்றுச் சுவரிடம் போனான். இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, இருட்டில் கைப்பிடி தேடுகிறவன்போல, மெதுவாகத் தடவிக்கொண்டே நகர்ந்தான். அவன் கை பட்ட இடமெல்லாம் சுவர் வெள்ளையாக உறைந்துகொண்டே வந்தது.